றுடோல்ப் டீசல்: ஊசிமுனையில் நின்ற ஒரு வாழ்வு

பெரியோர் பெயரை ஊருக்கும் தெருவுக்கும் இட்டுப் போற்றுவது உலக வழக்கு. ஆனால் ஒருவரது பெயர் கடைத்தெருவிலும் துறைமுகத்திலும் நாள்தோறும் வழங்கும் சாதாரணச் சொல்லாக மாறி, அச்சொல்லுக்குப் பின்னால் ஒரு மனிதர் வாழ்ந்தார் என்பதே மறந்துபோகும் நிலை வெகு சிலருக்கே வாய்த்துள்ளது. டீசல் என்றால் எண்ணெயின் பெயர் என்றே பலரும் கருதுவர். அது 1858ஆம் ஆண்டில் பிறந்து, 1913ஆம் ஆண்டில் நள்ளிரவுக் கடலில் மறைந்த ஓர் அறிஞரின் குடும்பப் பெயர்.

றுடோல்ப் டீசலின் சரிதையை எழுதுவோர் பெரும்பாலும் இரண்டு செய்திகளையே விரித்துரைப்பர். ஒன்று, வெப்பத்தைப் பற்றிய அவரது அரிய சிந்தனை. மற்றது, மருமம் சூழ்ந்த அவரது முடிவு. இவ்விரண்டுக்கும் இடையே, கைவிரலளவே பருத்த ஒரு சிறு உறுப்பு இருக்கிறது. எரிபொருளை எஞ்சினுக்குள் உட்பாய்ச்சும் வால்வு என்பது அதன் பெயர். டீசலின் வெற்றியும் தோல்வியும் அவ்வாயிலிலேயே நிகழ்ந்தன. அவர் கண்ட கனவு அவர் காலத்தில் நிறைவேறாததற்கும், அவர் மறைந்த பின்னர் நிறைவேறியதற்கும் காரணம் அதுவே. ஆகவே அவ்வாயிலின் பக்கமாக நின்று இப்பெரியாரின் வாழ்வை நோக்குவது பயனுடைத்து.

அகதியாகிய சிறுவன்

டீசலின் பெற்றோர் ஜேர்மனியர். தந்தையார் தியோடோர் டீசல் அவுக்ஸ்பேர்க் நகரத்தவர். புத்தகம் கட்டுந் தொழிலும் தோற்பொருள் செய்யுந் தொழிலும் கற்றவர். பிழைப்பை நாடிப் பாரிஸ் நகரிற் குடியேறியிருந்த அவருக்கு 1858ஆம் ஆண்டு மார்ச் மாதம் 18ஆம் திகதி றுடோல்ப் பிறந்தார். வீட்டிலேயே பட்டறை. தோலும் பசையும் மணக்கும் அவ்விடத்தில் வளர்ந்த சிறுவன், செய்து முடித்த பொருள்களைக் கைவண்டியில் வைத்து வாடிக்கைக்காரர் இல்லங்களுக்குக் கொண்டுசெல்லும் வேலையையும் செய்தான். ஓய்வு கிடைத்தபோதெல்லாம் பாரிஸ் தொழிற்கலைக் காட்சிச்சாலைக்குச் சென்று, அங்கு வைக்கப்பட்டிருந்த பழைய நீராவி வண்டியையும் பிற பொறிகளையும் பார்த்துப் படம் வரைவது அவனது பொழுதுபோக்கு.

1870ஆம் ஆண்டில் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. பாரிஸில் வாழ்ந்த ஜேர்மானியக் குடும்பங்கள் வெளியேற நேர்ந்தது. டீசல் குடும்பம் இருந்ததை விட்டு இலண்டனுக்கு ஓடியது. பன்னிரண்டு வயதுச் சிறுவனைத் தங்களோடு வைத்துக் காக்க வசதியில்லாத பெற்றோர், அவனைத் தனியே அவுக்ஸ்பேர்க்குக்கு அனுப்பினர். அங்கே உறவினரான பார்னிக்கல் என்ற கணித ஆசிரியர் அவனை ஏற்றுக்கொண்டார். சிறுதொழிலைக் கைக்கொண்டு மானமாக வாழ்ந்த ஒரு குடும்பம் ஒரே மாதத்தில் நிலைகுலைந்ததை அச்சிறுவன் கண்ணாரக் கண்டான். பிற்காலத்தில் கைத்தொழிலாளர் வாழ்வைப் பற்றி அவர் கொண்டிருந்த கவலைக்கு இதுவே வித்தாயிருக்க வேண்டும்.

அவுக்ஸ்பேர்க் வாழ்வு அவனுக்குக் கல்வியைத் தந்தது. பதினான்காவது வயதிலேயே தான் பொறியியலாளனாகப் போவதாகப் பெற்றோருக்கு எழுதினான். வகுப்பில் முதலிடம், பின்னர் 1875ஆம் ஆண்டில் உதவிப் பணத்துடன் மியூனிக் நகரத்துத் தொழினுட்பக் கல்லூரியிற் சேர்ந்தார். 1879ஆம் ஆண்டில் இறுதிப் பரீட்சை நெருங்கிய வேளையில் நச்சுக்காய்ச்சல் கண்டது. பரீட்சை தள்ளிப்போன காலத்தை வீணாக்காது சுவிற்சர்லாந்திலுள்ள சுல்சர் சகோதரர் தொழிற்சாலையிற் கைவேலை பழகினார். 1880ஆம் ஆண்டின் தொடக்கத்திற் பரீட்சைக்குத் தோற்றி மிகச் சிறந்த சித்தியெய்தினார்.

எண்ணம் பிறந்த வகை

மியூனிக்கில் அவருக்கு வாய்த்த ஆசான் கார்ள் லிண்டே, குளிரூட்டும் பொறிகளை ஆக்கியதனாற் புகழ்பெற்றவர். வெப்பவியக்கவியலைப் பற்றி அவர் நிகழ்த்திய விரிவுரையொன்றில், அக்காலத்து நீராவி எஞ்சின்கள் நிலக்கரியில் அடங்கிய வெப்பத்தில் நூற்றுக்கு ஆறு முதல் பத்துப் பங்கையே வேலையாக மாற்றுகின்றன என்று விளக்கினார். எஞ்சிய தொண்ணூறு பங்கும் புகைக்கூண்டு வழியாகவும் குளிர்நீர் வழியாகவும் வீணாகிறது. மற்ற மாணவர் அச்செய்தியைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டனர். டீசலோ அதைத் தமது வாழ்நாட் கடனாக ஏற்றுக்கொண்டார்.

பிரெஞ்சு அறிஞர் சாடி கார்னோ 1824ஆம் ஆண்டிலேயே ஒரு பேருண்மையைக் கூறியிருந்தார். வெப்பம் மிக உயர்ந்த நிலையிற் புகுந்து மிகத் தாழ்ந்த நிலையில் வெளியேறினாலே எஞ்சினின் பயன் மிகும் என்பது அதன் சாரம். அவ்வுயர்ந்த வெப்பத்தைப் பெறுவது எப்படி? காற்றை வேகமாக அமுக்கினால் அது சூடேறும். தென்கிழக்காசிய நாடுகளில் மக்கள் இதனை நெடுங்காலமாகவே அறிந்திருந்தனர். மூங்கிற் குழாயில் ஒரு தண்டைச் சட்டென்று அடித்து இறக்கி, உள்ளே வைத்த பஞ்சைத் தீப்பற்றச் செய்யும் கருவி அவர்களிடம் இருந்தது. அத்தகைய கருவியொன்று அவுக்ஸ்பேர்க் பள்ளியிலும் இருந்ததென்றும், டீசலின் எண்ணத்துக்கு அது தூண்டுகோலாயிற்றென்றும் சொல்வர்.

கல்லூரியை விட்டதும் டீசல் பாரிஸுக்குத் திரும்பி, லிண்டேயின் பனிக்கட்டித் தொழிற்சாலையில் அமர்ந்தார். 1883ஆம் ஆண்டில் மார்த்தா என்ற மங்கையை மணந்தார். மூன்று மக்கள் பிறந்தனர். 1890ஆம் ஆண்டில் பேர்லினுக்குக் குடிபெயர்ந்தார். நீராவிக்குப் பதிலாக அமோனியா ஆவியால் எஞ்சினை ஓட்டுவதற்குப் பல ஆண்டு முயன்று, அம்முயற்சியைக் கைவிட்டார். இறுதியில், அமுக்கிச் சூடேற்றிய காற்றினுள் எரிபொருளைப் புகுத்தும் முறைக்கு வந்து சேர்ந்தார். 1892ஆம் ஆண்டு பெப்ரவரியில் உரிமைக்காப்புக்கு விண்ணப்பித்தார். மறு ஆண்டு அது வழங்கப்பட்டது. அதே ஆண்டில் தமது கொள்கையை விளக்கி ஒரு நூலும் வெளியிட்டார்.

அந்நூலில் ஒரு சமூக நோக்கமும் ஊடுருவியிருந்தது. நீராவி எஞ்சின் பெரிதாயிருந்தாற்றான் சிக்கனமாக ஓடும். எனவே அது பெருமுதலாளிக்கே துணையாயிற்று. சிறு பட்டறைக்காரன் அழிந்தான். சிறிய அளவிலும் சிக்கனமாக ஓடக்கூடிய எஞ்சின் ஒன்று கிடைத்தால், நெசவாளனும் தச்சனும் தத்தம் இல்லத்திலேயே இயந்திர வலுவைப் பெறுவர். நகரங்களில் நெருக்குண்டு வாடும் நிலை நீங்கும். இதுவே டீசலின் நம்பிக்கை.

மூன்று கேள்விகள்

பெற்றோல் எஞ்சினில் எரிபொருளும் காற்றும் முன்னரே கலந்து உருளைக்குட் புகும். மின்பொறி அக்கலவையைப் பற்றவைக்கும். கலவையின் அளவைக் கூட்டியும் குறைத்தும் வேகத்தை ஆளலாம். டீசலின் முறையில் உருளைக்குட் புகுவது வெறுங் காற்றே. முசலம் மேலேறி அக்காற்றை முப்பது மடங்குக்கு மேற்பட்ட வளிமண்டல அமுக்கத்துக்கு நெருக்கும். அப்போது காற்றின் வெப்பம் சதம அளவில் 600 பாகையளவுக்கு உயரும். அக்கணத்தில் எண்ணெயைத் தூவினால் அது தானே பற்றிக்கொள்ளும். பொறியும் வேண்டியதில்லை, சுடரும் வேண்டியதில்லை.

கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இம்முறையில், எல்லாப் பொறுப்பும் ஒரே உறுப்பின்மேல் வந்து விழுகிறது. எப்போது பற்றவேண்டும் என்பதை எண்ணெய் புகும் நேரமே தீர்மானிக்கும். எவ்வளவு வலு வேண்டும் என்பதைப் புகும் எண்ணெயின் அளவே தீர்மானிக்கும். முற்றாக எரியுமா, புகையாகுமா என்பதைத் தூவலின் நுண்மையே தீர்மானிக்கும். எப்போது, எவ்வளவு, எவ்வாறு என்ற மூன்று கேள்விகளுக்கும் ஒரு சிறு வால்வு ஒவ்வொரு சுழற்சியிலும் பிழையின்றி விடை கூறவேண்டும். கணம் முந்தினால் எஞ்சின் இடிபடும்; பிந்தினால் வலு குன்றிப் புகை கக்கும். வால்வு இறுக மூடாது ஒரு சொட்டுக் கசிந்தாலும் அது கரியாகிப் படிந்து, அடுத்த தூவலைக் கெடுக்கும்.

அதிலும் பெரிய இடர் ஒன்றுண்டு. உள்ளே காற்று முப்பது மடங்கு அமுக்கத்தில் எதிர்த்து நிற்கிறது. அவ்வெதிர்ப்பை வென்று, ஒரு சிட்டிகை எண்ணெயை, விழி மூடித் திறக்கும் நேரத்துக்கும் குறைவான காலத்தில், புகைபோல் நுண்மையாக்கி உட்செலுத்த வேண்டும். அக்காலத்தில் இதைச் செய்யவல்ல பம்பியும் இல்லை. அதற்கு வேண்டிய நுட்பத்தில் உருக்கைக் கடையும் பொறிகளும் இல்லை.

அவுக்ஸ்பேர்க் சோதனைகள்

தம் இளமைக்கு அடைக்கலம் தந்த அவுக்ஸ்பேர்க் நகரமே டீசலின் சோதனைக்களமும் ஆயிற்று. அங்குள்ள பொறித் தொழிற்சாலையின் தலைவர் ஹைன்றிக் பூஸ் இடந்தர இசைந்தார். குறுப் என்ற பெரிய உருக்குக் கம்பனியும் பொருளுதவி செய்தது. முதற் சோதனை எஞ்சின் 1893ஆம் ஆண்டு கோடையில் ஆயத்தமாயிற்று.

ஓகஸ்ட் மாதம் 10ஆம் திகதி, தொழிற்சாலையின் தண்டிலிருந்து தோற்பட்டி மூலம் எஞ்சினைச் சுழலச் செய்து, உள்ளே பெற்றோலைச் செலுத்தினர். பேரொலியுடன் வெடி எழுந்தது. உருளையின் அமுக்கத்தைக் குறிக்கும் கருவி சிதறிப் பறந்தது. எண்பது மடங்கு வளிமண்டல அமுக்கம் எழுந்ததெனக் கணித்தனர். அருகில் நின்ற டீசல் தெய்வாதீனமாகத் தப்பினார். அங்கிருந்தோர் அதைத் தோல்வியெனக் கருதியிருக்கலாம். டீசல் அதில் வெற்றியைக் கண்டார். அமுக்கிய காற்றில் எரிபொருள் தானே பற்றும் என்பது ஐயமின்றி நிலைநாட்டப்பட்டுவிட்டது.

ஆனால் பற்றுவது வேறு. பயன்படுமாறு எரிவது வேறு. டீசல் முதலில் எண்ணெயைப் பம்பியின் வலுவாலேயே நேராக உட்செலுத்த விரும்பினார். அம்முயற்சி கைகூடவில்லை. எண்ணெய் தூவலாகாது சொட்டாகவும் தாரையாகவும் விழுந்தது. உருளைக்குட் கரி படிந்தது. ஓரமுறை அளவு மிகுந்தும் ஓரமுறை குறைந்தும் சென்றது. மனம் நொந்த அவர், விரும்பாத ஒரு துணையை நாடினார். அதுவே அமுக்கிய காற்று.

இம்முறையில் உருளையின் தலைப்பில் ஓர் ஊசிவால்வு அமைந்தது. ஒரு சுருள்வில் அதனை இருக்கையில் இறுக அழுத்தி வைத்திருக்கும். ஒரு சிறு பம்பி, அடுத்த எரிவுக்கு வேண்டிய எண்ணெயை அளந்து ஊசியைச் சுற்றியுள்ள அறையில் முன்கூட்டியே இட்டுவைக்கும். அவ்வறையின் பின்புறத்தில், உருளையிலுள்ளதைவிட மிகுந்த அமுக்கமுடைய காற்று, ஐம்பது அறுபது மடங்கில் காத்துநிற்கும். உரிய கணத்தில், சுழலுந் தண்டிலுள்ள ஒரு மேடு நெம்புகோலை உந்தி ஊசியை உயர்த்தும். அடைபட்டிருந்த காற்று சீறிப் பாய்ந்து, எண்ணெயைத் துளைத் தட்டுகளின் ஊடாக அடித்துத் தூளாக்கி உள்ளே வாரிச் செல்லும். மேடு கடந்ததும் வில் ஊசியை மீண்டும் அழுத்தும்; வாயில் மூடும். எஞ்சினின் வேகம் மிகுந்தால், வேகங்காப்பான் பம்பியின் உறிஞ்சு வாயிலைச் சற்று நேரம் திறந்து வைத்து, எண்ணெயின் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். இவ்வாறு நேரத்தை மேடும், அளவைப் பம்பியும், நுண்மையைக் காற்றும் பங்கிட்டுக்கொண்டன.

1894ஆம் ஆண்டு பெப்ரவரி 17ஆம் திகதி எஞ்சின் முதன்முறையாகத் தன் வலுவால் ஓடியது. நிமிடத்துக்கு 88 சுற்று என்ற வேகத்தில் ஏறத்தாழ ஒரு நிமிடமே ஓடிற்று. இழுத்துவந்த தோற்பட்டியை எஞ்சினே இழுக்கத் தொடங்கியதைக் கண்ட தொழிலாளி ஒருவர், வாய்பேசாது தமது தொப்பியைக் கழற்றினார் என்று கூறுவர்.

அதன் பின்னும் மூன்றாண்டு உழைப்புத் தேவைப்பட்டது. 1897ஆம் ஆண்டு பெப்ரவரியில், மியூனிக் பேராசிரியர் மோரிற்ஸ் ஷ்றோட்டர் புதிய எஞ்சினைச் சோதித்தார். அது நிமிடத்துக்கு 154 சுற்று ஓடி, ஏறக்குறைய 18 பரிவலுவைத் தந்தது. ஒரு பரிவலுவுக்கு மணிக்கு 238 கிராம் எண்ணெய் செலவாயிற்று. எரிபொருளின் வெப்பத்தில் நூற்றுக்கு 26.2 பங்கு வேலையாக மாறியது. நீராவி எஞ்சினால் எட்டவியலாத பேறு அது.

இக்கணக்கைச் சற்றே விரித்துப் பார்ப்போம். இரண்டு சுற்றுக்கு ஒருமுறை எரிவு நிகழும் எஞ்சின் அது. எனவே நிமிடத்துக்கு 77 முறை வாயில் திறக்கும். ஒவ்வொரு முறையும் உட்செல்லும் எண்ணெய் ஒரு கிராமுக்குஞ் சற்றுக் குறைவு. ஒரு சுற்று முடிய அரை வினாடியும் ஆவதில்லை. அதிலும் மிகச் சிறியதொரு கூறே வாயில் திறந்திருக்கும் நேரம். பதினெட்டுக் குதிரைகளின் வலு இச்சிறு அளவையும் இச்சிறு நேரத்தையும் நம்பி நின்றது.

புகழும் புண்ணும்

1897ஆம் ஆண்டு யூன் மாதம் காசெல் நகரிற் கூடிய ஜேர்மானியப் பொறியியலாளர் பேரவையில் டீசல் தம் எஞ்சினைப் பற்றி உரையாற்றினார். பல நாடுகளிலிருந்தும் உரிமை வேண்டி வந்தனர். அமெரிக்க உரிமைக்கு மட்டும் அடோல்பஸ் புஷ் என்ற செல்வர் பத்து இலட்சம் மார்க் கொடுத்தார். ருஷியாவில் இமானுவேல் நோபெல் உரிமை பெற்றார். தோற்பட்டறையிற் பிறந்த சிறுவன் நாற்பது வயதிற் பெருஞ்செல்வரானார்.

ஆனால் சோதனைச் சாலையில் அறிஞர் கண்முன் ஓடிய எஞ்சின், வாங்கியவர் கையில் முரண்டு பிடித்தது. முதல் விற்பனை எஞ்சின்களுள் ஒன்று 1898ஆம் ஆண்டில் கெம்ப்டன் நகரத்துத் தீப்பெட்டித் தொழிற்சாலையில் நிறுவப்பட்டது. இவ்வாறு விலைப்பட்ட எஞ்சின்களில் தூவும் வாய்கள் அடைபட்டன, காற்றமுக்கிகள் பழுதுபட்டன. வாங்கியோர் குறைகூறினர், சிலர் திருப்பியும் அனுப்பினர். டீசலின் பெயரில் அவுக்ஸ்பேர்க்கில் நிறுவிய தொழிற்சாலை நொடித்துப்போயிற்று. தம்முடைய எண்ணமே முந்தியது என்று வழக்காட எழுந்தோரும் உளர். அயராத உழைப்பும் மனச்சுமையும் அவர் நரம்புகளைத் தாக்கின. 1898ஆம் ஆண்டில் மருத்துவ விடுதியிற் சேரவேண்டியதாயிற்று. எஞ்சினின் குறைகளை ஒவ்வொன்றாகக் களைந்து அதை நம்பத்தக்கதாக்கிய பெருமையில் இமானுவேல் லௌஸ்டர் போன்ற பொறியியலாளருக்கும் பெரும்பங்கு உண்டு.

1900ஆம் ஆண்டுப் பாரிஸ் பொருட்காட்சியில் எஞ்சின் உயர்ந்த பரிசைப் பெற்றது. அங்கே ஓர் எஞ்சின் நிலக்கடலை எண்ணெயாலும் ஓட்டிக் காட்டப்பட்டது. 1912ஆம் ஆண்டில் கொப்பன்ஹேகனிலிருந்து சீலாண்டியா என்ற பெருங்கப்பல், புகைக்கூண்டின்றி, டீசல் எஞ்சின் வலுவாலேயே சீயத்தை நோக்கிப் புறப்பட்டது. கடல்வழி வாணிகத்தில் நிலக்கரியின் ஆட்சி அசையத் தொடங்கிற்று.

கனவுக்குக் குறுக்கே நின்ற காற்று

இவ்வெற்றிகளுக்கு நடுவிலும் டீசலின் உள்ளத்தில் ஓர் ஏக்கம் இருந்தது. யாருக்காக அவ்வெஞ்சினைக் கருதினாரோ அவர்களை அது சென்றடையவில்லை. காரணம், அந்த ஊசிவால்வுக்குத் துணையாக வந்த காற்றமுக்கி. அது பருத்தது, பாரமானது, விலைமிக்கது, எஞ்சின் ஆக்கும் வலுவில் ஒரு பங்கைத் தானே விழுங்கியது. மின்னிலையத்துக்கும் கப்பலுக்கும் அச்சுமை பெரிதன்று. தச்சனின் பட்டறைக்கும், வயற்கரைக்கும், சிறு படகுக்கும் அது தாங்காச் சுமை. சிறு தொழிலாளனை மீட்கப் பிறந்த எஞ்சின், பெருந்தொழிற்சாலைக்கும் போர்க்கப்பலுக்கும் நீர்மூழ்கிக்கும் தொண்டாற்றியது.

டீசல் வாளாவிருக்கவில்லை. 1903ஆம் ஆண்டில் சமூக ஒருமைப்பாட்டைப் பற்றி ஒரு நூல் எழுதினார். தொழிலாளர் தாமே சிறுதொகை சேர்த்துத் தொழில்களுக்கு உடைமையாளராகலாம் என்பது அதன் கருத்து. அதை வாங்கிப் படித்தோர் மிகச் சிலரே. 1908ஆம் ஆண்டளவில் லொறிக்கு ஏற்ற சிறிய எஞ்சினையும் சுவிற்சர்லாந்திற் செய்து பார்த்தார். அங்கும் அமுக்கிய காற்றே குறுக்கே நின்றது. எண்ணெயை வெறும் பம்பி வலுவால் உட்செலுத்தும் தமது முதல் எண்ணத்தை நிறைவேற்றும் நுட்பத்தைக் காலம் இன்னும் ஈன்றெடுக்கவில்லை.

இறுதிப் பயணம்

செல்வம் வந்தவாறே போயிற்று. மியூனிக்கிற் பெருஞ்செலவில் ஒரு மாளிகை எழுப்பியிருந்தார். நிலம் வாங்கியதில் பேரிழப்பு நேர்ந்தது. உரிமைக்காப்பின் காலமும் முடிந்து, வருவாய் வற்றியது. கண்டுபிடிப்பின் வரலாற்றைத் தாமே எழுதி, 1912ஆம் ஆண்டு இறுதியிற் பேர்லினில் கப்பற்பொறியியலாளர் அவையில் எடுத்துரைத்தார். அவையிற் சில பேராசிரியர் கடுமையாகத் தாக்கினர். அவர் முதலிற் கருதிய எஞ்சின் வேறு, இறுதியில் ஓடிய எஞ்சின் வேறு என்பது அவர்களது வாதம். 250 மடங்கு அமுக்கம் என்று தொடங்கி முப்பது சொச்சத்தில் முடிந்ததையும், நிலக்கரித் தூளைக் கருதித் தொடங்கி எண்ணெயில் முடிந்ததையும் சுட்டினர்.

அவர்கள் கூறியதில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் எண்ணத்துக்கும் பொருளுக்கும் இடையே விழுந்த பள்ளத்தை நான்காண்டு காலம் தம் உடலையும் மனத்தையும் வருத்தித் தூர்த்தவர் அவரே என்பதையும் மறுத்தல் அறமன்று.

1913ஆம் ஆண்டு செப்டெம்பர் 29ஆம் திகதி மாலை, அன்ற்வேர்ப் துறைமுகத்தில் ட்றெஸ்டன் என்ற கப்பலில் டீசல் ஏறினார். இலண்டனில் ஒரு கம்பனிக் கூட்டத்துக்குச் செல்வது நோக்கம். நண்பர் இருவருடன் இரவுணவு உண்டார்; மேற்றளத்தில் உலாவினார்; பத்து மணியளவில், காலை ஆறேகாலுக்கு எழுப்புமாறு சொல்லித் தம் அறைக்குச் சென்றார். காலையில் அறை வெறுமையாயிருந்தது. படுக்கையில் எவரும் உறங்கிய அடையாளமில்லை. பின்தளத்துக் கம்பியோரத்தில் அவரது தொப்பியும் மேலங்கியும் ஒழுங்காக மடித்து வைக்கப்பட்டிருந்தன. பத்து நாட்களின் பின் ஒல்லாந்துப் படகொன்று ஓர் உடலைக் கண்டது. சட்டைப்பையிலிருந்த சிறு பொருள்களை எடுத்துக்கொண்டு, உடலைக் கடலுக்கே விட்டனர். மூக்குக்கண்ணாடிக் கூட்டையும் மாத்திரைப் பெட்டியையும் பார்த்து, தம் தந்தையின் உடைமைகள் அவை என மகன் அடையாளங் கூறினார்.

ஒற்றர் கொன்றனர் என்றும், எண்ணெய் முதலாளிகள் கொன்றனர் என்றும் அன்று முதல் பல கதைகள் எழுந்தன. அவற்றுக்குச் சான்றில்லை. கடனில் மூழ்கிய குடும்பக் கணக்கும், அன்றைய நாளுக்கெதிரே நாட்குறிப்பிற் காணப்பட்ட சிலுவைக் குறியும் வேறு முடிவையே சுட்டுகின்றன. அப்போது அவருக்கு வயது ஐம்பத்தைந்து.

திறந்த வாயில்

டீசல் விரும்பிய வாயில் அவருக்குப் பின் திறந்தது. காற்றின் துணையின்றி எண்ணெயை உட்செலுத்த மற்றையோரும் முயன்றுகொண்டிருந்தனர். இங்கிலாந்தில் ஹேர்பேட் அக்ரொயிட் ஸ்ருவேட் என்பவர் டீசலுக்கு முன்னரே, சூடேற்றிய குமிழறையுள் பம்பியால் எண்ணெயைச் செலுத்தியிருந்தார். 1910ஆம் ஆண்டில் விக்கேர்ஸ் கம்பனியின் ஜேம்ஸ் மக்கெக்னி மிகுந்த அமுக்கத்தில் நேரே பாய்ச்சும் முறைக்கு உரிமை பெற்றார். மான்ஹைம் நகரத்துப் பென்ஸ் கம்பனியில் புறொஸ்பர் லோறாஞ்சு, எண்ணெய் முதலில் ஒரு சிற்றறையிற் பற்றிப் பின் உருளைக்குட் பரவும் அமைப்பை வகுத்தார்.

இறுதி முடிச்சை அவிழ்த்தது ஸ்ருட்காட் நகரத்து றொபேட் பொஷ்ஷின் தொழிற்சாலை. 1922ஆம் ஆண்டில் அவர்கள் இவ்வேலையைத் தொடங்கினர். 1927ஆம் ஆண்டு முடிவிற் பம்பிகள் பெருந்தொகையாக வெளிவந்தன. அப்பம்பியில் ஓர் உருக்குத் தண்டு, தன் கூட்டினுள் மில்லிமீற்றரின் ஆயிரத்திற் சில பங்கே இடைவெளி விட்டு ஓடுகிறது. தண்டின் பக்கத்தில் ஒரு சாய்ந்த வெட்டு உண்டு. தண்டு மேலேறும் தொலைவு என்றும் ஒன்றே. ஆனால் அதனைச் சற்றுத் திருப்பினால், சாய்ந்த வெட்டு எண்ணெய் திரும்பும் துவாரத்தை முந்தியோ பிந்தியோ திறந்துவிடும். இவ்வாறு ஒரு சிறு திருப்பத்தால் எண்ணெயின் அளவு கூடும் அல்லது குறையும்.

வாயிலிலோ, ஊசியைத் தூக்க மேடும் வேண்டியதில்லை, நெம்புகோலும் வேண்டியதில்லை. பம்பியிலிருந்து வரும் எண்ணெயின் அமுக்கமே, நூறு மடங்கையும் கடந்ததும், வில்லின் வலுவை வென்று ஊசியை உயர்த்துகிறது. நுண்ணிய துவாரங்களூடாக எண்ணெய் தூவலாகப் பாய்கிறது. பம்பி அளப்பதை நிறுத்தியதும் அமுக்கம் சட்டென்று விழ, வில் ஊசியை இருக்கையில் அறைந்து மூடுகிறது. காற்றமுக்கி முழுவதும் நீங்கிற்று. 1920களில் லொறிகளிலும், 1936ஆம் ஆண்டில் மேர்சிடிஸ் பென்ஸ் மோட்டார் வண்டியிலும் டீசல் எஞ்சின் இடம்பெற்றது. பின்னர் பஸ் வண்டிக்கும் உழவு இயந்திரத்துக்கும் நீரிறைக்கும் பொறிக்கும் அது பரவியது. நம் நாட்டுக் கரைகளிலும் 1950களின் இறுதியிலிருந்து டீசல் எஞ்சின் பூட்டிய மீன்பிடிப் படகுகள் பெருகின. சிறு தொழிலாளனுக்கென்று 1893ஆம் ஆண்டில் எழுதிய கனவு, இவ்வாறு நெடுங்காலம் கழித்துக் கரைசேர்ந்தது.

வாயிலின் கதை அத்தோடு முடியவில்லை. 1990களின் பிற்பகுதியில், மிகுந்த அமுக்கத்தில் எண்ணெயைப் பொதுக்குழாயொன்றிற் சேமித்து, மின்காந்தத்தால் வால்வைத் திறந்து மூடும் முறை மோட்டார் வண்டிகளில் வழக்குக்கு வந்தது. இன்று இரண்டாயிரம் மடங்கையும் கடந்த அமுக்கத்தில், ஒரே எரிவுக்குப் பல தவணையாக எண்ணெய் தூவப்படுகிறது. எனினும் டீசல் புகை நுரையீரற் புற்றுநோயை விளைப்பதென உலகச் சுகாதாரத் தாபனத்தின் புற்றுநோய் ஆய்வு நிலையம் 2012ஆம் ஆண்டில் உறுதிப்படுத்தியது. ஒரு பேருபகாரமே ஒரு பெருந்தீங்கையும் உடன்கொண்டுவரும் என்பதற்கு இதுவும் சான்று.

டீசலின் 1897ஆம் ஆண்டு எஞ்சின் மியூனிக் நகரத்து ஜேர்மானியக் காட்சிச்சாலையில் இன்றும் நிற்கிறது. உயர்ந்தெழுந்த அப்பொறியின் முன் நிற்போர் கண்ணைக் கவர்வன அதன் பெருஞ்சக்கரமும் உருளையுமே. உருளையின் உச்சியிலுள்ள ஊசிவால்வை நோக்குவோர் சிலர். அதை ஆக்கியவர் கண்ணுறங்காது கழித்த இரவுகளெல்லாம் அந்தச் சிறு வாயிலைப் பற்றியவையே. பெருஞ்சிந்தனை ஒரு நாளிற் பிறந்துவிடலாம். அது உலகத்துட் புகுவதற்கு வேண்டிய வாயிலை அமைக்க ஒருவரது ஆயுள் போதாமற் போவதும் உண்டு. அத்தகைய ஆயுளையும் வீணென்று தள்ளாது, அவர் விட்ட இடத்திலிருந்து பிறர் தொடர்ந்தமையாலேயே அவர் பெயர் இன்று எங்கும் வழங்குகிறது.